அக்காவுக்குக் கார்ட்டூன் பிடிக்கும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வாய்தான் அவன் பிழைப்பு. "கிளச்சை மெதுவா விடுங்க, மேடம்... இன்னும் மெதுவா... பயப்படாதீங்க, அந்த லாரி நின்னுட்டுத்தான் இருக்கு, நம்மளை ஒண்ணும் பண்ணாது." வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பவர்களைச் சிரிக்கவும் வைத்து, நாலு சக்கரத்தையும் ரோட்டிலேயே நிறுத்தவும் வைப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? படிக்க வருகிறவர்கள் எல்லோரும் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் பக்கத்தில் இருந்தால் பயமே தெரியாது என்று தங்கள் தங்கைகளையும் மருமகள்களையும் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

ஆனால் அதெல்லாம் பக்கவாட்டுப் பேச்சு. கண் ரோட்டில் இருக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். எதிரில் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவது வேறு வித்தை. அதை அவன் வாலிப வயதில் ஒரே ஒரு தடவைதான் உருப்படியாகச் செய்தான். அது கல்யாணத்தில் போய் முடிந்தது, கல்யாணம் கோர்ட்டில் போய் முடிந்தது.

இப்போது நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் அந்தப் பரீட்சைக்குப் போகிறான். பார்க்கப்போவது, டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாளின் சிநேகிதி ஒருத்தியை. ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை. முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பாவோடு இருக்கிறாள். போனில் ஒரு தடவை பேசினார்கள். ஏதோ ஒரு மாணவர் வைப்பரைப் போட்டுவிட்டு அதை நிறுத்தத் தெரியாமல் காரை விட்டே இறங்கி ஓடிய கதையை இவன் சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்றைக்கு முழுதும் இவன் காதிலேயே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்கு ஆசை வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஒரு ஆள் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டான்.

வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. பதினொரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வீட்டில் வாலு. மூன்று வயதிலிருந்து அப்பாவோடுதான் இருக்கிறாள். அவள் அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு தேசத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அதில் யாருக்கும் மனஸ்தாபம் ஒன்றும் மிச்சமில்லை.

சிக்கல் அக்காவிடமிருந்து வந்தது. அக்கா பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். அவள் வராந்தாவில் நடந்தால் பல்லிகூடச் சத்தம் போட யோசிக்கும். அன்றைக்கு வாலுவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்து எதிரில் நின்றாள்.

"முதல் நாளே பிள்ளையைப் பத்தி வாயைத் திறக்காதே," என்றாள், குரலைத் தாழ்த்தி. வார்டனுக்குத் தாழ்ந்த குரல் என்றால் அடுத்த அறைக்குத் தாராளமாகக் கேட்கும்.

"அது எப்படிக்கா?"

"எப்படின்னா? முதல்ல பாத்தவ என்ன பண்ணா? பிள்ளை இருக்குன்னதும் காபியை ஒரே மடக்குல குடிச்சுட்டுப் போனா, அப்புறம் போனையே எடுக்கல. அடுத்தவ, பொண்ணை அவ அம்மாகிட்ட அனுப்பிட முடியாதான்னு கேட்டா. இவளாவது ரெண்டு மணி நேரம் உன்னைப் பாக்கட்டும். உன்னைப் பிடிச்சுப் போச்சுன்னா அடுத்த தடவை பக்குவமா சொல்லிக்கலாம். பொய் சொல்லச் சொல்லலடா, சொல்லாம இருன்னுதான் சொல்றேன். ரெண்டும் வேற வேற."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சிக்கலில் மாட்டிவிடுகிற யோசனைகள் எல்லாமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

வாலுவிடம் ஒரு சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தான். அவளும் சரியென்று தலையாட்டிவிட்டு, பீரோவைக் குடைந்து நீலச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இதைப் போடுங்கப்பா. அந்த மஞ்சள் சட்டையில நீங்க டிரைவிங் ஸ்கூல் போர்டு மாதிரியே இருக்கீங்க."

தெரு முனையில் கண்ணாடிச் சுவர் போட்ட காபிக் கடை. அவன் முன்கூட்டியே வந்து ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துவிட்டான். சிறிது நேரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்தது. இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்த சந்தில், ஒரே மூச்சில் பின்பக்கமாக வளைந்து, நூல் பிடித்த மாதிரி நின்றது. அதிலிருந்து அவள் இறங்கி வந்தாள். அவனுக்குப் பாதி மனம் அங்கேயே போய்விட்டது.

"பார்க்கிங் பிரமாதம், மேடம்," என்றான். வணக்கத்தைக்கூட அப்புறம்தான் சொன்னான்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பாஸா?"

"பாஸ். நான் சொல்லிக்குடுத்தவங்கள்ல பாதிப் பேரு அந்த இடத்தைப் பாத்ததும் அடுத்த தெருவுக்குப் போயிருப்பாங்க."

நல்ல ஆரம்பம்தான். அந்தச் சந்தோஷத்தில் அவன் எதிர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டு, இரண்டு பேரும் சுவரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க இது, பஸ்ல உக்கார்ற மாதிரி? எதிர்ல வாங்க. எனக்கு முகம் தெரிஞ்சாத்தான் பேச வரும்."

வேறு வழியில்லாமல் எதிரே போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் கண்ணை ஒரு தடவை பார்த்தான், சர்க்கரைக் கிண்ணத்தை ஒரு தடவை பார்த்தான், மறுபடியும் சர்க்கரைக் கிண்ணத்தையே பார்த்தான்.

"சட்டை நல்லாயிருக்கு," என்றாள் அவளே. "நீங்களே எடுத்ததா?"

இந்த இடத்தில் மாஸ்டரின் வலது காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் சொதப்பினால் இவர் மிதிக்க வேண்டும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, ஆபத்து என்று தோன்றினாலே போதும், மூளைக்கு முன்னால் அவனுடைய கால் போய்விடும். சினிமா பார்க்கும்போது போகும். தூக்கத்தில்கூடப் போகும். இப்போதும் போயிற்று. மேசைக்கடியில் பிரேக் இல்லை, அவளுடைய கால்தான் இருந்தது.

"ஆ!"

"ஐயோ, சாரி மேடம், சாரி! பழக்கதோஷம்." பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, அவன் வேர்த்து வழிந்தபடி பிரேக் விஷயத்தைச் சொன்னான். அவள் காலைத் தடவிக்கொண்டே சிரித்தாள். போனில் கேட்ட அதே சிரிப்பு.

"அப்போ நான் ஏதோ ஆபத்தாக் கேட்டுட்டேன்னு அர்த்தமா?"

"சேச்சே. சட்டை... அக்கா எடுத்தது."

"பரவாயில்லையே, அக்காவுக்கு நல்ல ரசனை. அப்புறம், இந்த மேடத்தை விட்டுடுங்க. எனக்கு லைசென்ஸ் இருக்கு."

அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் காது டாக்டர் என்பார்களாம், டாக்டர் இல்லையென்று திருத்தித் திருத்தி அலுத்துவிட்டதாம். ஆளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியிலிருந்து சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கண்ணாடி வழியாக முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர்க் காதுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவளின் சொந்த அப்பாவுக்குக் காது மந்தம். மிஷின் வைத்துக்கொள்ள மாட்டாராம். "எனக்கு ஒண்ணும் இல்லை, உலகம்தான் இப்பல்லாம் முணுமுணுக்குதுங்கறார்," என்றாள். அவன் மனம்விட்டுச் சிரித்தான். தோள் கொஞ்சம் இறங்கியது.

தன் பங்குக்கு, வளைவில் கண்ணை மூடிக்கொள்ளும் வக்கீலின் கதையைச் சொன்னான். ஹாரன் அடித்துவிட்டு எல்லோரிடமும் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்கும் டீச்சர் கதையைச் சொன்னான். இரண்டும் நன்றாக எடுபட்டன. இவ்வளவு சுலபமா என்று நினைத்து மூன்றாவது கதையைத் தேடினான். சரக்கு தீர்ந்துபோயிருந்தது. வேலையை விட்டு வெளியே வந்தால் அவன் வாழ்க்கையில் வேறு என்ன நடக்கிறது? எந்தப் பக்கம் கையை விட்டாலும் வாலுதான் வந்தாள்.

"லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்றாள் அவள்.

"போன வாரம் சினிமாவுக்குப் போனோம்," என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யார்கூட?"

கால் போயிற்று. நல்லவேளை, அவள் தன் காலை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "அக்காகூட," என்றான்.

"என்ன படம்?"

"ஒரு ஆமை... ரயில் ஓட்டும்."

"கார்ட்டூனா?"

"அக்காவுக்குக் கார்ட்டூன்னா உயிரு."

அவள் கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் அவனுக்கு வாய் நிற்கவில்லை. வேறு பேச்சே கிடைக்காதவனுக்கு இப்படி ஒரு குறுக்குச் சந்து கிடைத்தால் விடுவானா? எல்லாவற்றையும் தூக்கி அக்கா தலையில் போட்டான். கிளைமாக்ஸில் ஆமை பாலத்தைத் தாண்டியபோது அக்கா சீட் மேல் ஏறி நின்று கைதட்டினாள். நேற்று அக்கா அட்டையும் பேப்பரும் கொண்டு எரிமலை ஒன்று செய்தாள், அது பொங்கிச் சமையலறைச் சுவரெல்லாம் சிவப்பு.

"எதுக்கு எரிமலை?"

"சும்மா... பொழுதுபோகணும் இல்லையா."

"ரொம்ப வித்தியாசமானவங்களா இருக்காங்களே!"

"அதையேன் கேக்கறீங்க. காய்கறி வெச்சா தட்டுக்கடியில ஒளிச்சுடுவா. பாத்ரூம் லைட் எரிஞ்சாத்தான் தூங்குவா. இப்போ கடைவாய்ப் பல் ஒண்ணு ஆடுது, நாள் பூரா அதை நாக்காலயே ஆட்டிட்டு இருக்கா."

"ஐயோ, இந்த வயசுல பல் ஆடினா விடக் கூடாதுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டிடலாம்," என்றான், முழி பிதுங்க.

"வேற என்ன பண்ணுவாங்க? சொல்லுங்க, சொல்லுங்க."

"நேத்துப் படுக்கும்போது கேட்டா, மீனுக்குத் தாகம் எடுக்குமான்னு. எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னேன். அப்படின்னா நாளைக்கு நான் மீன்கிட்டயே கேட்டுக்கறேன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டா."

அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனும் சர்க்கரைக் கிண்ணத்தை மறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான். நேருக்கு நேர். பாவம் அக்கா, அந்த நேரத்தில் அவளுக்குப் புரை ஏறியிருந்தால் ஆச்சரியமில்லை.

இரண்டாவது காபி வந்தது. இரண்டு மேசை தள்ளி ஒரு குழந்தை ஸ்பூனைக் கீழே போட்டு, எடுத்துக் கொடுத்ததும் மறுபடி போட்டுச் சிரித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, "உங்களுக்குப் பிள்ளைங்க..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லை," என்றான்.

இந்தத் தடவை கால் அசையவே இல்லை. கால் போயிருக்க வேண்டிய இடத்துக்கு நாக்கு போய்விட்டது.

அவள் தலையை ஆட்டினாள். கன்னத்திலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரி," என்றாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று அவன் எழுந்தான். தண்ணீர் மேசையிலேயே இருந்தது. கவுன்ட்டர் பக்கம் போய் விலைப் பலகையைப் படிப்பது போல நின்றான். ஒரு எழுத்தும் தலையில் ஏறவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்றாளே அக்கா, அந்தக் கோட்டை அவன் எப்போது தாண்டினான் என்றுகூடத் தெரியவில்லை. வாலுவுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்திருக்கிறான். யாராவது கேட்டால் போனைத் திறந்து அவள் படத்தைத்தான் முதலில் காட்டுவான். அப்படிப்பட்டவன் இருக்கிற பிள்ளையை இல்லையென்றான், அதுவும் கேட்டு முடிக்கும் முன்னால். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் மேலேயே அவ்வளவு வெறுப்பு அவனுக்கு இதற்கு முன் வந்ததில்லை, கோர்ட்டில் நின்றபோதுகூட.

திரும்பி வந்தபோது அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கிளம்பறேங்க. அப்பா தனியா இருப்பார்."

"அதுக்குள்ளயா?"

"உங்ககூடப் பேசிட்டு இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா..." அவள் நிறுத்தினாள். "விடுங்க. உங்க அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க. தப்பா நினைக்காதீங்க, உங்களைவிட அவங்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு நாள் பாக்கணும்போல இருக்கு."

தலையாட்டி அனுப்பியிருக்கலாம். அப்புறமாகப் போன் செய்து, கெஞ்சிக் கூத்தாடி, அக்கா சொன்ன மாதிரி பக்குவமாக எதையாவது செய்திருக்கலாம். இப்போது சொன்னால் இவளும் போய்விடுவாள், இந்தச் சிரிப்பும் போய்விடும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வாய் திறந்தது.

"அது அக்கா இல்லை."

"என்ன?"

"படத்துக்கு வந்தது, எரிமலை செஞ்சது, இந்தச் சட்டையை எடுத்தது, எதுவுமே அக்கா இல்லை. என் பொண்ணு. பதினொரு வயசாகுது. வீட்டுல வாலுன்னு கூப்பிடுவோம். அக்காவுக்கு நாப்பத்தெட்டு. ஹாஸ்டல் வார்டன். அவ சிரிச்சு நான் பாத்தே ரொம்ப நாளாச்சு."

சொல்லி முடித்ததும் அவள் சிரிப்பாளோ என்று அவனுக்குள் ஒரு மூலையில் நப்பாசை. அவள் சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைப்பை தோளிலேயே இருந்தது. பிறகு விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எங்க ரூமுக்குச் சில பேர் வருவாங்க," என்றாள். "சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பட்டனை அமுக்குவாங்க. காது கேக்கலன்னு தெரிஞ்சுடுமோன்னு பயம். நான் கேள்வியை முடிக்கவே இல்லை, நீங்க இல்லைன்னீங்க. அப்பவே புரிஞ்சு போச்சு, எதையோ மறைக்கறீங்கன்னு. பொண்டாட்டியைத்தான் மறைக்கறீங்கன்னு நினைச்சேன். டைவர்ஸே பொய்யோன்னு. போன வருஷம் ஒருத்தர்கிட்ட அப்படித்தான் ஏமாந்தேன்."

"அதெல்லாம் இல்லைங்க. டைவர்ஸ் நிஜம்."

"பிள்ளை இருக்கறது எனக்கு ஒரு பிரச்சனையா இருக்குமா இருக்காதான்னு நான் யோசிச்சுச் சொல்லியிருப்பேன். அதுக்கு நீங்க எனக்கு ஒரு நிமிஷம் குடுத்திருக்கலாம். சொல்லாம இருந்திருந்தாக்கூட, சரி, பயம்னு விட்டுடுவேன். எப்படிங்க இல்லைன்னு சொல்ல வந்துச்சு?"

கடையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். காது கேளாதவர்களோடு புழங்கிப் புழங்கி அவள் குரல் அப்படி. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியலங்க. அக்கா சொல்லாதேன்னுதான் சொன்னா. இல்லைன்னது நான்தான். அதை யார் தலையிலயும் போட முடியாது."

"உங்க அக்கா தலையில இன்னிக்கு நிறையத்தான் போட்டீங்க," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனாலும் குரல் ஒரு நூல் அளவு இளகியிருந்தது. உடனே அதையும் இழுத்துக்கொண்டாள். "இப்போ சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது? அக்கான்னீங்க, இல்லைன்னீங்க, இப்போ பொண்ணுங்கறீங்க. நாளைக்கு வேற ஏதாவது வருமா?"

"வராது."

"கூப்பிடுங்க."

"யாரை?"

"உங்க பொண்ணை. இப்பவே, என் முன்னாடி. ஸ்பீக்கர்ல போடுங்க."

அவன் போனை எடுத்து மேசையின் நடுவில் வைத்து, அக்காவின் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. அவள் கைப்பையின் வாரைப் பிடித்தபடி, கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவள் போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா!" என்றது போன். "அத்தை குளிக்கறாங்க. நான்தான் எடுத்தேன். சாப்பிட்டீங்களா?"

"காபி குடிச்சேன்மா. நீ சாப்பிட்டியா?"

"ம். எங்கப்பா இருக்கீங்க?"

இதற்கு மேல் ஒரு பொய்யைத் தாங்க அவனால் முடியாது. "காபிக் கடையில இருக்கேன். சிநேகிதரைப் பாக்கப் போகல. ஒரு ஆன்ட்டியைப் பாக்க வந்தேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் வாலு. "சாயங்காலம் அத்தை சொன்னது கேட்டுச்சு." பிறகு குரலைக் குறைத்துக்கொண்டாள். போனுக்கு மிகக் கிட்டத்தில் வாயை வைத்திருக்க வேண்டும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது. "அப்பா, அத்தை வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். என்னைப் பத்திச் சொல்லிடாதீங்கப்பா. முன்னாடி சொன்னதாலதானே ஒருத்தங்க அப்புறம் போனே எடுக்கல. அவங்க கேட்டா நான் இல்லைன்னே சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் கோவம் வராது, நிஜமா. நல்லாப் பழகினப்புறம் சொல்லிக்கலாம். சரியாப்பா?"

அவன் கண்ணில் நிறைந்ததைத் துடைக்கவும் கை எழவில்லை. எதிரில் இருந்தவளைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

அவள் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை எடுத்தாள்.

"அப்பா சொல்லிட்டார்மா," என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, ரொம்ப யோசித்து, மெல்லக் கேட்டாள் வாலு.

"நீங்க... இன்னும் போகலையா?"

"இல்லைடா," என்றாள். "இங்கதான் இருக்கேன்."